ஓடுபாதையிலிருந்து ஊருக்குள் – 11: ஹீத்ரோவுக்குப் பிந்தி வந்த ரயில்

சென்ற இதழில் பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தைப் பார்த்தோம். 1927லேயே அதன் பக்கத்தில் சுரங்க ரயில் நிலையம் ஒன்றைத் திறந்து, அதற்கு ‘விமான நிலையம்’ என்றே பெயரும் வைத்துவிட்டார்கள் ஜெர்மானியர்கள். இந்த இதழில் லண்டன். நிலத்துக்கு அடியில் பயணிகள் ரயிலை உலகில் முதன்முதலாக ஓட்டிய ஊர் அது, ஆண்டு 1863. அந்த ஊரின் முதன்மை விமான நிலையத்துக்குச் சுரங்க ரயில் போய்ச் சேர்ந்தது 1977 டிசம்பரில்.

ஏன் அவ்வளவு காலம்? பொறியாளர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. லண்டனுக்குத் தெற்கே ஒரு சிறிய விமானத் திடலில் 1936லேயே அதைச் செய்து காட்டியிருந்தார்கள். செய்து காட்டியதைப் பெரிய இடத்தில் செய்யாமல் விட்டார்கள். அதற்கான காரணத்தைத் தேடிப்போனால், விமானப் பயணி என்றால் யார் என்று அந்தந்தக் காலம் நினைத்துவைத்திருந்ததில் போய் நிற்கிறது.

கம்பெனியின் விருந்தாளி

1919 ஆகஸ்ட் 25ஆம் தேதி லண்டனுக்கும் பாரீஸுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் விமான சேவை தொடங்கியது. புறப்பட்ட இடம் லண்டனின் மேற்கு ஓரத்தில் இருந்த ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற திறந்தவெளி. ஹவுன்ஸ்லோ என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை சுற்றிச் சுற்றி அங்கேதான் வரப்போகிறது. அடுத்த ஆண்டே சுங்கச் சோதனையோடு கூடிய விமான நிலையம் என்ற தகுதி தெற்கே குரோய்டனுக்கு மாறியது. 1924இல் இம்பீரியல் ஏர்வேஸ் உருவாகி, அதற்கும் குரோய்டனே தலைமை நிலையம் ஆயிற்று. 1928இல் அங்கே புதிய டெர்மினல் கட்டடமும் எழுந்தது.

குரோய்டனுக்குள் ரயில் வரவில்லை. வர வேண்டும் என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவும் இல்லை. இம்பீரியல் ஏர்வேஸின் பெருமையாக இருந்த ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 விமானத்தின் ஐரோப்பிய வகையிலேயே 38 பேர்தான் உட்காரலாம். அவ்வளவு பேருக்கு ஒரு பேருந்து போதுமே. பயணி லண்டன் நடுவில் வந்து சேர்வார். அங்கிருந்து கம்பெனி வண்டியில் ஏற்றிப்போவார்கள். நிலையத்தில் அவருடைய பெட்டியை எடை போடுவார்கள், பிறகு அவரையும் எடை போடுவார்கள். டிக்கெட் வாங்க வசதியுள்ளவர்கள் மிகச் சிலர். ஆகவே பயணி கம்பெனியின் விருந்தாளி. அவரை வீட்டு வாசல் வரை கவனிப்பது கம்பெனியின் மரியாதை சம்பந்தப்பட்ட காரியம். நகராட்சிக்கோ ரயில் துறைக்கோ அதில் வேலை இல்லை என்ற எண்ணம் அப்போது விழுந்த விதை. விமானங்கள் பெரிதாகிப் பயணிகள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகும் அது அழியவில்லை.

இத்தனைக்கும் அந்நாளைய விமானப் பயணத்துக்கும் ரயிலுக்கும் நெருங்கிய உறவு இருந்தது. 1929 மார்ச் 30இல் குரோய்டனிலிருந்து இந்தியாவுக்குச் சேவை தொடங்கியபோது, பயணிகள் சுவிட்சர்லாந்தின் பாசல் வரை பறந்தார்கள்; அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் போனார்கள்; ஜெனோவாவில் கடல் விமானம் ஏறினார்கள். கராச்சியில் அந்தப் பயணம் முடிந்தது. பிற்பாடு ரயில் பகுதி பாரீஸிலிருந்து பிரிண்டிசி வரை நீண்டது. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டிவந்ததும், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் அதைத் தொடர்ந்து கொண்டுவந்ததும் நம் வாசகர்களுக்குத் தெரிந்த வரலாறு. அந்த நாட்களில் லண்டனில் பெட்டியில் போட்ட விமானத் தபால் சென்னைக்கு வந்து சேர, வானத்திலும் தண்டவாளத்திலும் மாறி மாறிப் பயணம் செய்தது. கண்டங்களைத் தாண்டும் பாதையில் ரயிலைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, குரோய்டனிலிருந்து லண்டன் நடுவே உள்ள விக்டோரியா ரயில் நிலையம் வரையான சில மைல்கள் கண்ணில் படவில்லை.

1936 மே 17, ஞாயிற்றுக்கிழமை

கண்ணில் பட்டது ஓர் இளைஞருக்கு. மோரிஸ் ஜாக்கமன் என்பவர் 1933இல் கேட்விக் என்ற இடத்தில் இருந்த சிறிய விமானத் திடலை வாங்கினார். அதை ஒட்டியே லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் ரயில் பாதை. அதுவும் அப்போதுதான் மின்மயமானது. அவர் மனத்தில் இருந்த டெர்மினல் வட்ட வடிவமானது. நடுவில் பயணிகள், சுற்றிலும் விமானங்கள். கட்டடத்திலிருந்து ஒவ்வொரு விமானத்தின் படி வரைக்கும் தண்டவாளத்தில் நகரும் துணிக்கூரை நீளும்; மழையில் நனையாமல் நடந்துபோய் ஏறலாம். இன்று பல விமான நிலையங்களில் நாம் நடந்து போகும் ஏறுபாலத்தின் மூதாதை அது. வட்டமாக இருந்ததால் அதற்குத் ‘தேன்கூடு’ என்று பெயர் நிலைத்தது. கட்டடக் கலைஞர்கள் ஹோர், மார்லோ, லவெட் மூவரும் வரைந்து கொடுத்தார்கள்.

எனக்கு அந்தத் துணிக்கூரையைவிடப் பெரிதாகத் தெரிவது அதன் கீழே இருந்த ஒன்று. சதர்ன் ரயில்வே 1935 செப்டம்பரில் அங்கே ஒரு நிலையத்தைத் திறந்தது. அந்த நடைமேடையிலிருந்து தேன்கூட்டுக்குள் நேராகப் போக நிலத்தடியில் ஒரு நடைபாதை. தெருவில் கால் வைக்கவே தேவையில்லை.

1936 மே 17ஆம் தேதி முதல் சேவை. பயணிகள் விக்டோரியா நிலையத்தில் பகல் 12 மணி 28 நிமிடத்துக்கு ரயில் ஏறினார்கள். கேட்விக்கில் இறங்கி, நிலத்தடி நடைபாதை வழியே டெர்மினலுக்குள் நடந்து, சோதனைகளை முடித்துக்கொண்டு விமானத்தில் அமர்ந்தார்கள். 1.30க்கு விமானம் கிளம்பியது. மூன்று மணிக்குப் பாரீஸ். லண்டன் நடுவிலிருந்து கணக்கிட்டால் இரண்டரை மணி நேரம். கட்டணம் 4 பவுண்டு 5 ஷில்லிங். முதல் வகுப்பு ரயில் டிக்கெட்டும் அதற்குள் அடக்கம்.

ஒரே டிக்கெட், ஒரே கூரை, ரயில் நேரத்துக்கும் விமான நேரத்துக்கும் பொருத்தம். விமான நிலையங்களைத் திட்டமிடுகிறவர்கள் இன்றும் எந்த மூன்றைக் கேட்டுப் போராடுகிறார்களோ, அந்த மூன்றும் அன்று ஞாயிற்றுக்கிழமை பகலில் கேட்விக்கில் நடந்துவிட்டன. திடலின் மண்தான் ஒத்துழைக்கவில்லை. மழைக்காலத்தில் சேறாகி, விமானங்கள் வேறிடம் தேடிப் போயின. பிறகு யுத்தம் வந்தது.

யுத்தத்துக்கு முன் இன்னொரு முயற்சியும் நடந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் தன் கடல் விமானங்களைச் சவுத்தாம்ப்டனிலிருந்து இயக்கியது. அதற்காக 1939 ஜூனில் விக்டோரியா நிலையத்தை ஒட்டி, பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையில் ஒரு பெரிய டெர்மினலைத் திறந்தது. முன்புறம் சாலை, பின்புறம் ரயில் நடைமேடை. பெட்டியை இங்கே ஒப்படைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் தனி ரயிலில் ஏறினால் நேரே துறைமுகம். மூன்றே மாதத்தில் யுத்தம் மூண்டு, அந்த ஏற்பாடு முழுதாக ஓடிப் பழகும் முன்பே நின்றது. கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதில் இயங்குகிறது.

தண்டவாளம் இல்லாத தீவு

1944இல், யுத்தத்தின் நடுவே, லண்டனுக்கு மேற்கே ஹீத்ரோ என்ற சிற்றூரைப் பிரிட்டிஷ் அரசு கையகப்படுத்தியது. காய்கறித் தோட்டங்களும் பழத்தோப்புகளும் நிறைந்த வளமான மண். ராணுவ விமானங்களுக்கு என்று சொல்லி எடுத்தார்கள். உண்மையில் யுத்தத்துக்குப் பிந்திய பயணிகள் விமானப் போக்குவரத்தே நோக்கமாக இருந்தது என்று அன்றைய விமானத் துறைத் துணை அமைச்சர் ஹெரால்ட் பால்ஃபர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதிவிட்டார். ஊர் போய்விட்டது.

1946 ஜனவரி 1இல் ப்யூனஸ் அயர்ஸுக்கு முதல் விமானம் பறந்தது. டெர்மினல் என்று எதுவும் இல்லை. ராணுவக் கூடாரங்களில் நாற்காலி போட்டுப் பயணிகளை உட்காரவைத்தார்கள். முதல் ஆண்டில் 63,000 பயணிகள். 1951இல் ஏறத்தாழ எட்டு லட்சம். நிரந்தரக் கட்டடம் கட்டியாக வேண்டும். எங்கே கட்டுவது?

இங்கேதான் விமான நிலையத்தின் அடுத்த அரை நூற்றாண்டு தீர்மானமாயிற்று. ஓடுபாதைகள் ஆறு முனை நட்சத்திரம் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி போடப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே கிடந்த நிலத்தில் டெர்மினல்களை வைத்தார்கள். விமானங்களுக்கு அது வசதி. எந்த ஓடுபாதைக்கும் தூரம் குறைவு. மனிதர்களுக்கு அது தீவு. உள்ளே போக ஒரே வழி, வடக்கு ஓடுபாதைக்கு அடியில் தோண்டிய சாலைச் சுரங்கம். மோட்டார் வாகனங்களுக்கு அகலமான இரண்டு வழிகள், சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஓரத்தில் குறுகிய வழிகள். அவ்வளவு ஆழம் தோண்டியவர்கள், பக்கத்தில் ரயிலுக்கு ஒரு வழியைச் சேர்த்துத் தோண்டவில்லை. ஃப்ரெடெரிக் கிப்பர்ட் வடிவமைத்த மையக் கட்டடங்களை 1955 டிசம்பர் 16இல் ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார்.

அதே ராணி 1958 ஜூன் 9இல் புதுப்பித்த கேட்விக்கையும் திறந்துவைத்தார். அங்கே டெர்மினலும் ரயில் நிலையமும் சாலையும் ஒரே கட்டடத் தொகுப்பு; ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறினால் டெர்மினல். ஜாக்கமனின் எண்ணம் இருபது ஆண்டு கழித்துப் பெரிய அளவில் மறுபிறவி எடுத்தது. ஒரே அரசு, ஒரே நகரம், மூன்றாண்டு இடைவெளி. இரண்டாவது விமான நிலையத்துக்கு ரயில், முதலாவதற்கு இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. கேட்விக் அதிர்ஷ்டம் செய்தது. ரயில் பாதை ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஹீத்ரோவுக்கு யாராவது புதிதாகப் போட வேண்டியிருந்தது.

பேருந்துகளின் காலம்

அந்த இடைவெளியை விமானக் கம்பெனிகள் பேருந்துகளால் நிரப்பின. நெடுந்தூரப் பாதைகளில் பறந்த பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துக்கு விக்டோரியாவில் இம்பீரியல் விட்டுப்போன டெர்மினல். ஐரோப்பாவுக்குப் பறந்த பி.இ.ஏ. நிறுவனம் கென்சிங்டன், வாட்டர்லூ என்று இடம் மாறி, 1957இல் குரோம்வெல் சாலையில் மேற்கு லண்டன் விமான டெர்மினலைத் திறந்தது. ஓடுபாதையே இல்லாத விமான நிலையம் அது. பயணி ஊர் நடுவிலேயே பெட்டியை ஒப்படைத்து, இருக்கைச் சீட்டு வாங்கி, கையை வீசிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம்.

பெட்டிகளை என்ன செய்வது என்பதே அந்தப் பேருந்துகளின் வடிவத்தைத் தீர்மானித்தது. 1950களில் ஓடியவற்றில் பின்பாதி இருக்கைகளை உயர்த்தி, அவற்றின் கீழே பெட்டிகளை அடுக்கினார்கள். 1960களின் பிற்பகுதியில் லண்டனின் புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் இரட்டை மாடிப் பேருந்துகள் 65 வந்தன. அவை ஒவ்வொன்றும் பின்னால் ஒரு மூடிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். பெட்டிகள் எல்லாம் ட்ரெய்லரில். 1965இல் எம்4 நெடுஞ்சாலை திறந்து ஹீத்ரோவுக்குக் கிளையும் வந்தபோது, இனி ரயில் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்த ஏற்பாட்டை மதிக்க வேண்டும். ஒரு காலத்துக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது விருந்தாளிக் கணக்கில் வந்த ஏற்பாடு. கூட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு அல்ல. 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து முதல் போயிங் 747 பயணிகளோடு ஹீத்ரோவில் இறங்கியது. ஒரே விமானத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு விமானத்துக்கே ஐந்தாறு பேருந்து வேண்டும். அத்தனையும் குரோம்வெல் சாலை நெரிசலில் நிற்க வேண்டும். விமானக் கடத்தல்கள் பெருகி, பெட்டிகளையும் ஆட்களையும் விமான நிலையத்திலேயே சோதிக்கும் வழக்கம் வந்ததும், ஊருக்குள் பெட்டியை ஒப்படைக்கும் வசதியும் பொருளிழந்தது. 1970களில் குரோம்வெல் சாலை டெர்மினல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.

வெளியே உலகம் காத்திருக்கவில்லை. டோக்கியோ 1964 ஒலிம்பிக்கை முன்னிட்டு ஹனேடாவுக்கு மோனோரயில் விட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் 1968இல் தன் நகர ரயிலை விமான நிலையம் வரை நீட்டியது. ஃபிராங்க்ஃபர்ட் 1972இல் டெர்மினலுக்கு அடியிலேயே ரயில் நிலையம் திறந்தது.

மூன்றரை மைல்

லண்டனிலும் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு யோசனைகள் மோதின. விக்டோரியாவிலிருந்து பிரிட்டிஷ் ரயில்வே ஒரு தனி விரைவு ரயில் விடுவது ஒன்று. சுரங்க ரயிலின் பிக்காடிலி தடத்தை மேற்கே நீட்டுவது இன்னொன்று. பிக்காடிலி ரயில் 1933 முதலே ஹவுன்ஸ்லோ வெஸ்ட் வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து ஹீத்ரோவின் நடுப்பகுதி மூன்றரை மைல். 1919இல் முதல் பாரீஸ் விமானம் எழும்பிய அந்த ஹவுன்ஸ்லோவிலேயே, விமான நிலையத்துக்கு வழி தெரியாமல் நாற்பது ஆண்டாகத் தண்டவாளம் முடிந்து கிடந்தது.

விரைவு ரயிலுக்கு ஆதரவாகச் சொன்னது வேகம். பெட்டியோடு வருகிறவர் வழியெல்லாம் நின்று நின்று போகும் ரயிலில் ஏன் நெருக்கியடிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. சுரங்க ரயில் தரப்பின் நியாயம் வேறு. குறைந்த நீளத்தில் வேலை முடியும். விக்டோரியா ஒன்றோடு நிற்காமல் நகரத்தின் பல மூலைகளுக்கு நேராகவும், ஒருமுறை மாறினால் எல்லா இடத்துக்கும் போகலாம். விமான நிலையத்தில் வேலை செய்பவர்களும் அதே ரயிலில் வரலாம். இந்தக் கடைசி நியாயத்தை நான் மற்ற இரண்டைவிடவும் கனமானதாகக் கருதுகிறேன்.

1967இல் நாடாளுமன்ற அனுமதி, 1971இல் வேலைத் தொடக்கம். ஹவுன்ஸ்லோ வெஸ்ட்டில் பழைய நடைமேடைகள் புதிய பாதைக்கு நேர்ப்படவில்லை. பக்கத்தில் ஆழமாகத் தோண்டிப் புதியவை அமைத்தார்கள், 1931இல் கட்டிய அழகான டிக்கெட் மண்டபத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து பெரும்பகுதி மேலிருந்து பள்ளம் வெட்டி, பெட்டி போலச் சுவர் எழுப்பி, மேலே மூடிய சுரங்கம். கிரேன் என்ற சிற்றாற்றைக் கடக்க ரயில் ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்து மறுபடி உள்ளே போகும். 1975 ஜூலை 19இல் ஹாட்டன் கிராஸ் வரை வந்தது. பராமரிப்புப் பணிமனைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த நிலையமே பெரிய வரமாக இருந்தது.

இந்தத் தடத்துக்கென்று செய்த ரயில் பெட்டிகளில் ஒரு சிறிய அக்கறை தெரியும். கதவுகளுக்குப் பக்கத்தில் இருக்கை போடாமல் தரையைக் காலியாக விட்டார்கள், சூட்கேஸ் வைப்பதற்காக. அவ்வளவுதான். அந்த அக்கறை இல்லாமல் கட்டப்படும் விமான நிலைய ரயில்களில் பெட்டியைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1977 டிசம்பர் 16இல் ஹீத்ரோ சென்ட்ரல் நிலையத்தை ராணி திறந்துவைத்தார். மையக் கட்டடங்களை அவர் திறந்து, நாள் பிசகாமல் 22 ஆண்டுகள் முடிந்திருந்தன. அதற்குள் ஹீத்ரோவின் பயணிகள் ஆண்டுக்கு இரண்டு கோடியைத் தாண்டியிருந்தார்கள். பி.இ.ஏ. விட்டுச்சென்ற பேருந்து சேவையைத் தொடர்ந்து நடத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸ், 1979இல் அதை நிறுத்திக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில், சாதாரண நகரக் கட்டணத்தில், ஊருக்குள் போகலாம் என்றான பிறகு கம்பெனி வண்டிக்கு வேலை இல்லை.

பிந்திச் செய்வதன் விலை அதோடு முடியவில்லை. 1986இல் நான்காவது டெர்மினல் தெற்கே, ஓடுபாதைக்கு அப்பால் வந்தது. ஒன்பதே ஆண்டுக்கு முன் கட்டிய பாதையில் அதற்கு இடம் வைத்திருக்கவில்லை. தண்டவாளத்தை வளையமாகச் சுற்றிவிட்டு ஒரே திசையில் ரயிலை ஓட்ட வேண்டியதாயிற்று. மற்ற மூன்று டெர்மினல்களுக்குப் போகிறவர்களும் முதலில் நான்காவதைச் சுற்றிக்கொண்டே போனார்கள். 2008இல் ஐந்தாவது டெர்மினலுக்குப் பாதை நீண்ட பிறகே ரயில்களைப் பிரித்து அனுப்ப முடிந்தது.

பதினைந்து நிமிட ரயில்

கைவிட்ட விரைவு ரயில் யோசனை செத்துப்போகவில்லை. 1980களில் பிரிட்டிஷ் விமான நிலைய ஆணையம் தனியார் நிறுவனமானது. இப்போது ரயில் போட அதற்குக் காரணமும் பணமும் இருந்தன. பாடிங்டன் நிலையத்திலிருந்து ஹீத்ரோவுக்குப் பதினைந்து நிமிடம். வழியில் எங்கும் நிற்காது.

1994 அக்டோபர் 21 அதிகாலையில் அந்த வேலை நடந்த இடம் இடிந்து உள்ளே விழுந்தது. மையப் பகுதிக்கு அடியில், தோண்டியவுடன் சுவரில் கான்கிரீட்டைப் பீய்ச்சி, சுற்றியுள்ள மண்ணையே பாரம் தாங்க வைக்கும் ஆஸ்திரிய முறையில் சுரங்கம் அமைத்தார்கள். அந்த முறையில் மண் எவ்வளவு நகர்கிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்து, அளவு தப்பினால் உடனே கைவைக்க வேண்டும். அடித்தளத்துக் கான்கிரீட் சரியில்லை. பழுது பார்த்த விதமும் சரியில்லை. அளவீடுகள் எச்சரித்ததைக் கவனிக்கவும் இல்லை. தரையில் பெரும்பள்ளம் விழுந்து, மேலே இருந்த அலுவலகக் கட்டடம் சரிந்தது. ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. பகலில், பயணிகள் நிறைந்த நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. 1999இல் நீதிமன்றம் கட்டுமான நிறுவனமான பால்ஃபர் பீட்டிக்கு 12 லட்சம் பவுண்டும், ஆலோசகரான ஜியோகன்சல்ட்டுக்கு 5 லட்சம் பவுண்டும் அபராதம் விதித்தது. பிரிட்டனில் அதே முறையில் நடந்துகொண்டிருந்த மற்ற சுரங்க வேலைகளும் பரிசீலனைக்காக நிறுத்திவைக்கப்பட்டன.

இடிந்த பள்ளத்தைச் சுற்றிப் பெரிய வட்டக் கான்கிரீட் சுவர் இறக்கி, உள்ளே தோண்டிச் சுத்தம் செய்து, மறுபடி கட்டினார்கள். 1998 ஜூன் 23இல் பிரதமர் டோனி பிளேர் ஹீத்ரோ எக்ஸ்பிரஸைத் தொடங்கிவைத்தார். பாடிங்டனிலேயே பெட்டியை ஒப்படைக்கும் வசதியும் கொஞ்ச காலம் இருந்தது. குரோம்வெல் சாலையின் பழைய எண்ணம் மறுபடி தலைகாட்டி, மறுபடி மறைந்தது.

வேகமான ரயில், சுத்தமான ரயில். அதன் கட்டணமோ வளர்ந்து வளர்ந்து, முன்பதிவு இல்லாமல் வருகிறவருக்கு ஒருவழிக்கு 25 பவுண்டைத் தொட்டது. பிக்காடிலியில் அதே பயணத்துக்கு அதில் கால் பங்கு அளவே. இம்பீரியல் காலத்து விருந்தாளிப் பயணி இங்கே திரும்பி வந்துவிட்டார். இம்முறை செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அலுவலகக் கணக்கில் பயணம் செய்பவருக்கு அது பொருட்டல்ல. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

மூன்றாவது வழி 2022இல் திறந்தது. எலிசபெத் தடம் என்று பெயரிட்ட புதிய நகர ரயில் மே 24இல் லண்டன் நடுவே ஓடத் தொடங்கி, நவம்பர் 6 முதல் ஹீத்ரோவிலிருந்து இறங்கி மாறாமல் நகரத்தின் ஊடாகக் கிழக்கே போக வழி செய்தது. ஒன்பது பெட்டிகள், 200 மீட்டருக்கு மேல் நீளம், குளிர்பதன வசதி. எக்ஸ்பிரஸைவிடச் சில நிமிடங்கள் கூட ஆகும். கட்டணம் அதில் ஏறக்குறையப் பாதி. பாடிங்டனோடு நின்றுவிடாமல் அது நகரத்தின் மையத்துக்கே கொண்டுபோய் விடுவதால், எக்ஸ்பிரஸ் மிச்சம் பிடித்த நிமிடங்கள் பலருக்குக் கணக்கில் வருவதே இல்லை.

லண்டனின் மற்ற விமான நிலையங்களைப் பற்றி ஒரு வரி போதும். ஸ்டான்ஸ்டெட் 1991இல் புதிய டெர்மினலோடு சேர்த்தே ரயிலையும் பெற்றது. சிட்டி விமான நிலையத்துக்கு 2005இல் டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் வந்தது. லூட்டனில் ரயில் நிலையத்துக்கும் டெர்மினலுக்கும் இடையே 2023 வரை பேருந்தே ஓடியது.

யாருக்காக ரயில்?

விமான நிலைய ரயிலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பயணியை நினைக்கிறோம். ஹீத்ரோவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். பயணி ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போவார். இவர்கள் நாள்தோறும் போய் வருகிறார்கள். நெடுந்தூர விமானங்கள் அதிகாலை நாலரை மணி வாக்கில் இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே பெட்டி இறக்குகிறவரும் கழிப்பறை சுத்தம் செய்கிறவரும் உணவுத் தட்டு அடுக்குகிறவரும் அங்கே இருந்தாக வேண்டும். ஹவுன்ஸ்லோ, சவுத்தால், ஃபெல்தம் பகுதிகளில் வாழும் அவர்களில் தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். சவுத்தால் வழியாக ஓடும் 105ஆம் எண் பேருந்தும் ஃபெல்தம் வழியாக ஓடும் 285ஆம் எண் பேருந்தும்தான் அவர்களில் பலருக்கு விமான நிலைய ரயில். பிக்காடிலியில் இரவு முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது 2016 டிசம்பரில். அதுவும் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. லண்டன் கட்டிய மூன்று தடங்களில் நகரத்துக்கு அதிக நன்மை செய்தது வேகம் குறைந்த பிக்காடிலி. அது விமான நிலையத்தை நகரத்தின் இன்னொரு பேட்டையாக நடத்தியது. அங்கே போகிறவரிடம் தனிக் கட்டணச் சாவடி வைக்கவில்லை. அதன் குறை ஒன்றுதான்: இருபத்திரண்டு ஆண்டு பிந்தி வந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் லண்டன்வாசிகள் காருக்குப் பழகினார்கள், ஹீத்ரோவைச் சுற்றி வாகனம் நிறுத்துமிடங்களும் நெடுஞ்சாலைக் கிளைகளும் பெருகின. பழகிய பழக்கத்தை மாற்ற இன்றுவரை செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த இதழில் மீனம்பாக்கம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை, நம் விமான நிலையத்தின் எதிரிலேயே போகிறது. திரிசூலம் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலையம். மெட்ரோ அங்கே வந்தது 2016 செப்டம்பர் 21இல். இடைப்பட்ட காலத்தில் மின்சார ரயிலில் வந்து விமானம் ஏறியவர்களும், மீனம்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களும் இந்தத் தொடரின் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். எந்த ஆண்டு, எந்த ரயில், பெட்டியோடு சாலையை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த பகுதிக்கு உங்கள் கடிதங்கள் வேண்டும்.